மலையில் இருந்து ஃப்ரீலான்ஸ்: எந்த வேலையை வைத்துக்கொள்வது, எதை விடுவது

கோத்தகிரியிலோ குன்னூரிலோ உட்கார்ந்து ஃப்ரீலான்ஸ் செய்பவரிடம் முதல் வருடம் எல்லா வேலையும் வரும். ஹோம்ஸ்டேக்குப் படம் எடுக்க வேண்டும், சாக்லேட் பெட்டிக்கு லேபிள் வேண்டும், வெப்சைட் வேண்டும், கோயில் திருவிழாவுக்கு பேனர் வேண்டும், பில் என்ட்ரி போட ஆள் வேண்டும், இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று ஊரில் பெயர் வந்துவிட்டால் பிரின்டர் ரிப்பேரும் கூடவே வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னால் மாதக் கடைசியில் உடம்பு ஓய்ந்திருக்கும், கணக்கில் பணம் இருக்காது.

எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க, "எனக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டால் பட்டியல் நீளத்தான் செய்யும். அதைவிட உதவும் கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலை எப்போது முடிகிறது? லேபிள் ஃபைல் பிரஸ்ஸுக்குப் போய், முதல் தாள் சரியாக வந்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. வெப்சைட் ஒப்படைத்த அன்றுதான் தொடங்குகிறது. ஒப்படைத்த பிறகு உள்ள நேரத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை. நஷ்டம் அங்கேதான் வருகிறது.

ஒரு நோட்டை எடுத்து, கடந்த 3 மாதத்தில் செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியில் எழுதுங்கள். எதிரே 4 எண்கள். போன் பேசிய நேரமும் பஸ்ஸில் போன நேரமும் சேர்த்து மொத்தம் எத்தனை மணி நேரம், எத்தனை முறை நேரில் போக வேண்டியிருந்தது, ஒப்படைத்த பிறகு எத்தனை அழைப்பு வந்தது, செலவு போகக் கையில் நின்றது எவ்வளவு. மூன்றாவது எண் பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. போனில் அந்த வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் அழைப்புகளும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களும் தேதியோடு இருக்கும், எண்ணிவிடலாம்.

கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கோத்தகிரியில் இருக்கும் ஒருவர் கூடலூர் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயைப் படம் எடுக்க 6,000 ரூபாய் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் எடுக்க 4 மணி நேரம். ஊட்டியைத் தாண்டிப் போய்த் திரும்ப 6 மணி நேரம். 25 படங்களைச் சரிசெய்ய, படத்துக்கு 10 நிமிடம் என்றாலும் 4 மணி நேரத்துக்கு மேல் போகும். படம் தேர்ந்தெடுக்க, பேச, அனுப்ப இன்னும் ஒரு மணி நேரம். மொத்தம் 15. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் 1,500 போனால் மிச்சம் 4,500, அதாவது மணிக்கு 300. அதே ஆள் ஒரு சாக்லேட் லேபிளுக்கு 3,500 வாங்கினால், விவரம் வாங்க 2 மணி, டிசைனுக்கு 3 மணி, கரெக்‌ஷனுக்கும் பிரஸ் ஃபைலுக்கும் 2 மணி, ஆக 7 மணி நேரம். மணிக்கு 500. பெரிய தொகை என்று தோன்றிய வேலை இங்கே சின்னதாகிவிடுகிறது. மூடுபனி இறங்கிப் படம் எடுக்க முடியாமல் இன்னொரு முறை போக நேர்ந்தால் 300 என்பதும் ஏறக்குறைய பாதியாகும்.

அதற்காகப் படம் எடுக்கும் வேலையையே விட வேண்டும் என்றில்லை. தூரத்துக்கு எல்லை போட்டால் போதும். ஒரு பஸ் மாறாமல் போய்வரக்கூடிய தூரம் வரை ஒரு ரேட். அதற்கு மேல் என்றால் போக்குவரத்துச் செலவு தனி, பனியால் தள்ளிப்போனால் இரண்டாவது நாளுக்குப் பாதி ரேட். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலையில் படம் எடுக்கக் காலை வெளிச்சம்தான் நம்பிக்கையானது; மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும். ஆகவே முந்தின இரவு அங்கேயே தங்க ஓர் அறை கேட்பதும் பேச்சில் சேர வேண்டும். ஹோம்ஸ்டே வைத்திருப்பவருக்கு அது செலவே இல்லை. கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் செலவையும் ரேட்டில் சேர்க்க வேண்டும். மழை மாதங்களில் லென்ஸைப் பையிலேயே விட்டால் கண்ணாடிக்குள் வலை போலப் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தினால் பயமில்லை.

அடுத்து கரண்ட், நெட். சமவெளியில் இருப்பவர் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைப்பதில்லை. நாம் நினைத்தே ஆக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாள் உண்டு. மரம் விழுந்து லைன் அறுந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றில் ஏட்டுக் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கும். இன்வெர்ட்டர் இழப்பும், பேட்டரியை அடிவரை இறக்கக் கூடாது என்பதும் போக, 1,000 என்று எடுத்துக்கொள்வது நல்லது. லேப்டாப், ரூட்டர், ஒரு விளக்கு சேர்ந்து 80 வாட் இழுத்தால் 12 மணி நேரம் ஓடும். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் 300 வாட் இழுத்தால் 3 மணி நேரத்தில் முடிந்துவிடும். வீடியோ எடிட்டிங்கைச் சேவையாக அறிவிக்கும் முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வீடியோவில் நெட்டும் சேர்ந்து படுத்தும். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) தரத்தில் எடுத்த 4கே வீடியோ நிமிடத்துக்கு 750 எம்பி. அரை மணி நேரக் காட்சி 22 ஜிபியைத் தாண்டும். அப்லோடு வேகம் தடையில்லாமல் 20 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் ஏற்ற இரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு முறை அறுந்தால் சில தளங்களில் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், லேபிள் டிசைன், கணக்கு என்ட்ரி போன்ற வேலைகளின் ஃபைல்கள் சிறியவை. ஃபைபர் அறுந்த நாளில் போன் ஹாட்ஸ்பாட்டிலேயே அனுப்பிவிடலாம், ஃபைபர் ஒரு கம்பெனி, சிம் வேறு கம்பெனி என்று இருந்தால். இரண்டும் ஒரே கம்பெனி என்றால் ஒரே கேபிள் அறுந்து இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடும் அபாயம் இருக்கிறது.

இனி இங்கே உண்மையில் தேவை இருக்கிற இரண்டு வேலைகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

முதலாவது, லேபிள். சாக்லேட், டீத்தூள், வர்க்கி, தைலம், ஜாம் என்று வீட்டிலும் சின்ன ஷெட்டிலும் செய்பவர்கள் இந்த மலையில் ஏராளம். அவர்களுக்குத் தேவை அழகான படம் மட்டும் இல்லை; கடைக்காரர் மறுக்காத, அதிகாரி வந்தால் அபராதம் விழாத லேபிள். உணவுப் பொருள் லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, எடை அதிகமானதில் தொடங்கிக் குறைவானது வரை வரிசையாகச் சேர்மானங்கள், பால், சோயா, நட்ஸ் போன்ற ஒவ்வாமைப் பொருள்கள், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்ல போன் அல்லது மெயில், எம்ஆர்பி, கிராம் ஒன்றுக்கு என்ன விலை என்பது வரை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். 200 கிராம் 240 ரூபாய் என்றால் கிராமுக்கு 1.20 என்று வர வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிட்டு, அச்சடித்த பிறகு தனி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.

இந்த விவரங்களை வாடிக்கையாளர் எழுதித் தர வேண்டும். டிசைன் செய்பவர் ஊகித்து எழுதவே கூடாது. உங்கள் ரேட்டில் அடங்குவது, எது எங்கே வர வேண்டும் என்று ஒரு பக்கப் படிவம் கொடுத்து நிரப்பி வாங்குவது வரை. எது கட்டாயம், எதற்கு விலக்கு என்பதை லைசென்ஸ் எடுத்துத் தந்தவரிடம் அவர் கேட்டுக்கொள்ளட்டும். "சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். டீ பாக்கெட்டில் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் லோகோவைப் போடச் சொன்னாலும் நிறுத்திக் கேட்க வேண்டும். அது புவிசார் குறியீடு பெற்றது, தேயிலை வாரியத்துக்குச் சொந்தமானது. அனுமதி இல்லாமல் போட முடியாது. சிடிசி தூளுக்கு (இயந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிய குறுணைத் தூள்) அது பொருந்தவும் பொருந்தாது.

பார்கோடும் அப்படித்தான். நெட்டில் இலவசமாக உருவாக்கிய எண்ணைப் போட்டால் அது வேறு யாருடைய எண்ணாகவும் இருக்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் ஸ்கேன் செய்யும்போது வேறு பொருள் வந்து நிற்கும். பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் வாடிக்கையாளர் தன் பெயரில் எண் வாங்கித் தந்தால் மட்டும் போடுங்கள்.

பிரஸ்ஸில் கெடுவது பெரும்பாலும் தமிழ் எழுத்து. யூனிகோடில் அடித்த ஃபைலை பிரஸ்ஸில் பழைய சாஃப்ட்வேரில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி "கொடை" என்பது "ெகாடை" என்று விழும். வேலை அவசரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள், 2,000 லேபிள் அச்சாகி வந்துவிடும். ஆகவே எல்லா எழுத்தையும் அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிய பிடிஎஃப், கூடவே அது எப்படித் தெரிய வேண்டும் என்று காட்டும் ஒரு ஜேபிஜி, இரண்டும் போக வேண்டும். சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீளும் நிறம்), நிறம் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை நிறமுறை), படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). எழுத்து மாற்றக்கூடிய மூல ஃபைலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விலை மாறினால் அதுதான் வேண்டும்.

தேதியும் பேட்ச் எண்ணும் ஒவ்வொரு முறையும் ரப்பர் ஸ்டாம்பில் அடிக்கப்படும். அதற்கு விடும் இடத்தில் பளபள லேமினேஷன் இருந்தால் மை ஒட்டாது. விரல் பட்டதும் அழியும். பிரஸ்ஸிடம் சொல்லி அந்த இடத்தை மட்டும் பூச்சு இல்லாமல் விடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேட் பூச்சு. இன்னொன்று, சாக்லேட் ஃப்ரிட்ஜில் இருந்து வெளியே வந்ததும் பெட்டி வியர்க்கும். இன்க்ஜெட்டில் அடித்த காகித லேபிளில் மை கலங்கிவிடும். மாதிரி ஒன்றை ஒட்டி, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, ஈரக்கையால் தேய்த்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அச்சுக்கூலி முழுவதையும் காப்பாற்றும்.

இப்படி ஒரு வேலையின் உள்ளே இறங்கித் தெரிந்துகொண்டால், "கிராஃபிக் டிசைனர்" என்று சொல்லிக்கொள்ளத் தேவை இருக்காது. "சாக்லேட், டீ பாக்கெட் லேபிள் செய்து, பிரஸ்ஸில் சரியாக அச்சாகி வரும்வரை பார்த்துத் தருகிறேன்" என்றால் கேட்பவருக்கு உடனே புரியும். அடுத்த சாக்லேட்காரருக்கு அவரே சொல்லி அனுப்புவார். பேனரும் கல்யாணப் பத்திரிகையும் கேட்டு வருவதும் குறையும்.

இரண்டாவது வேலை, கூகுள் மேப்பில் இடத்தைச் சரியாக வைப்பது. கேட்கச் சின்னதாகத் தெரியும், மலையில் இது பெரிய விஷயம். இடத்தைக் காட்டும் பின் குறியை வீட்டுக் கூரை மேல் வைத்தால், மேப் அதற்கு நேர்க்கோட்டில் பக்கத்தில் இருக்கும் ரோட்டுக்கு வழி காட்டும். அந்த ரோடு சரிவில் கீழே, எஸ்டேட்டுக்குள் போவதாக இருக்கும். இருட்டில் குடும்பத்தோடு வரும் கார் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய் நின்று, திருப்ப இடமில்லாமல் பின்னோக்கியே வர வேண்டியிருக்கும். பின் குறி கார் நிற்கும் கேட்டில் இருக்க வேண்டும். வைத்த பிறகு மேலிருந்தும் கீழிருந்தும் இரு திசையிலும் வழி போட்டுப் பார்த்து, ஒரு முறை வண்டியில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

சரிபார்ப்புக்குப் பல நேரம் கூகுள் வீடியோ கேட்கும். ரோடு, பெயர்ப்பலகை, உள்ளே இருக்கும் அறை, உரிமையாளர் சாவி போட்டுத் திறப்பது, எல்லாம் வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக வேண்டும். சிக்னல் இல்லாத பள்ளத்தில் எடுத்தால் ஏறாமல் நின்றுவிடும். முதலில் அந்த வீட்டு வைஃபை வேகத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். கூகுள் கணக்கு, ஹோம்ஸ்டே உரிமையாளரின் மெயிலில் இருக்கட்டும், நீங்கள் மேனேஜராகச் சேர்ந்தால் போதும். உங்கள் மெயிலில் தொடங்கிக் கொடுத்தால் ஒவ்வொரு ரிவியூவுக்கும் உங்களைத்தான் தேடுவார்கள். நாளைக்குத் தகராறு வந்தாலும் உங்கள் பெயர்தான் நடுவில் நிற்கும்.

இதோடு விருந்தினருக்கு அனுப்பும் ஒரு பக்கத் தகவலையும் சேர்த்துத் தரலாம். எந்தப் பாதையில் வருவது, ராத்திரி எத்தனை மணிக்கு மேல் ஏற வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வரக் கூடாது, நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை எங்கே எடுப்பது என்பதெல்லாம். ஹோம்ஸ்டே நடத்துபவர் தினமும் போனில் பத்துப் பேருக்குச் சொல்லும் பதில் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எழுத இரண்டு மணி நேரம். அரசு விதி மாறினால் திருத்தித் தரத் தனி ரேட்.

பட்டியலில் இருந்து எடுத்துவிட வேண்டியவற்றில் முதலில் நிற்பது ட்ரோன். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் காசு வாங்கிப் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். நீலகிரியில் அதற்கு மேலும் சிக்கல். வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்து ஆலை, திரும்பின பக்கமெல்லாம் காப்புக்காடு, முதுமலை. அனுமதி வாங்காமல் மேலே ஏற்றினால் மாட்டுவது எடுத்தவர்தான், எடுக்கச் சொன்னவர் இல்லை.

வெப்சைட்டும் ஏறக்குறைய அப்படியே, வருடப் பராமரிப்புத் தொகை பேசாவிட்டால். டொமைன் புதுப்பிப்பு, ஹோஸ்டிங், பிளகின் அப்டேட், மெயில் வரவில்லை என்ற போன், எல்லாம் ஒப்படைத்த பிறகு வருபவை. டொமைனை வாடிக்கையாளர் மெயிலில், அவர் பணத்தில் வாங்க வையுங்கள். காலாவதியாகிச் சலுகை நாட்களும் கடந்துவிட்டால் திரும்ப எடுக்கப் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும், அந்தப் பழி உங்கள் தலையில் விழும். பல ஹோம்ஸ்டேக்களுக்கு ஒரே பக்கம், படங்கள், வாட்ஸ்அப் பட்டன் போதும். அதை மட்டும் சேவையாக வைக்கலாம்.

கணக்கு என்ட்ரி மாதாமாதம் வரும் நிலையான வருமானம். ஆனால் தேதி காத்திருக்காது. மாதாந்திரம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) அடுத்த மாதம் 11-ம் தேதி, 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) 20-ம் தேதி. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், வரி இல்லாத ரிட்டர்னுக்கு 20. மலையில் இருந்து இந்த வேலையை எடுப்பவர் உள்ளுக்குள் 7, 15 என்று வைத்துக்கொண்டால்தான் இரண்டு நாள் கரண்ட் போனாலும் தாங்கும். 3-ம் தேதிக்குள் பில் வரவில்லையென்றால் தாமதக் கட்டணம் வாடிக்கையாளருடையது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

எத்தனை சேவை வைத்துக்கொள்வது? இரண்டு முக்கியமானது, பக்கத்தில் ஒன்று. அந்த மூன்றும் ஒரே மாதத்தில் கழுத்தைப் பிடிக்கக் கூடாது. ஹோம்ஸ்டே வேலை பிப்ரவரி, மார்ச்சில் குவியும். மே மாத மலர்க் கண்காட்சி சீசனுக்கு முன் படமும் மேப்பும் தயாராக வேண்டும். ஏப்ரலில் புதிதாக எடுக்காதீர்கள், அறையெல்லாம் நிரம்பியிருக்கும், படம் எடுக்க இடம் தர மாட்டார்கள். லேபிள் வேலை தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால், ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்கள் அவை, வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பொருத்தம். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரில் இருந்து டிசம்பர் வரைதான் மழை பயம். 2009 நவம்பரில் மண் சரிந்து ரோடுகள் அடைபட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் நேரில் போக வேண்டிய எதற்கும் தேதி கொடுக்காமல், மொழிபெயர்ப்பு மாதிரி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாளுக்கு 2,000 சொல் என்று நிதானமாக எண்ணி ஏற்றுக்கொண்டால், ஒரு நாள் நெட் போனாலும் மறுநாள் ஈடுகட்டலாம்.

புதுச் சேவையை ஊருக்குச் சொல்லும் முன் மூன்று பேருக்கு முழு ரேட்டில் செய்து பாருங்கள். இலவசமாகச் செய்தால் கரெக்‌ஷன் எத்தனை வரும், பணம் எப்போது வரும் என்பதெல்லாம் தெரியாமலே போய்விடும். தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் போக வேண்டும்:

"வணக்கம் அக்கா. 200 கிராம் சாக்லேட் பெட்டிக்கு முன்பக்கம், பின்பக்கம் லேபிள் ஒன்று. விவரப் படிவம் நீங்கள் நிரப்பித் தந்த நாளிலிருந்து 6 நாளில் முதல் மாதிரி. இரண்டு முறை திருத்தம் இதில் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 300. மொத்தம் 3,500, பாதி இப்போது, மீதி பிரஸ் ஃபைல் அனுப்பும் முன். அச்சுக்கூலி சேராது. சரி என்றால் 'சரி' என்று ஒரு வரி போடுங்கள்."

சொந்தக்காரர், பக்கத்து ஹட்டிக்காரர் (பக்கத்து ஊர்க்காரர்) என்று எல்லோருக்கும் இதே மெசேஜ்தான். குறைக்க வேண்டும் என்று தோன்றினால் தொகையைக் குறையுங்கள், திருத்த எண்ணிக்கையையும் தேதியையும் தொடாதீர்கள். தொகை குறைந்தால் இழப்பு எவ்வளவு என்று தெரியும். திருத்தத்துக்கு எல்லை இல்லாவிட்டால் அது தெரியாது.

விட்டுவிட்ட வேலை கேட்டு யாராவது வந்தால் கையில் ஒரு பட்டியல் இருக்கட்டும்: கூடலூரில் படம் எடுப்பவர், ஊட்டியில் வெப்சைட் பராமரிப்பவர், குன்னூரில் பேனர் அடிப்பவர், பிரின்டர் ரிப்பேர் பார்ப்பவர். அவர்களிடம் முன்கூட்டியே ரேட் கேட்டு எழுதி வைத்திருந்தால், வந்தவரை இரண்டு நிமிடத்தில் அவர்களிடம் அனுப்பிவிடலாம். லேபிள் கேட்டு வருபவரை அவர்களும் இந்தப் பக்கம் அனுப்புவார்கள்.